பாலாமணி யாரிடம் சொன்னாள்?

இந்த எடத்துக்கு ஆள் வர்றாங்களா அம்மிணி? இல்லீல்ல? அப்பச் சித்தே நவுந்துக்க. சன்னலோரம் நீயே இரு, எனக்குக் காத்து மூஞ்சில அடிச்சா ஆகாது. ஏன் இன்னும் வண்டிய எடுக்காம நிக்கறான்? டிரைவர் டீக்கடையிலயே இருக்கறான் பாரு. எனக்கு ஒரு எடத்துல இருப்புக் கொள்ளறதில்ல இப்பல்லாம். வண்டி ஓடுனாச் செரியாயிரும்.

நீ எங்க போறே? நர்சம்மாவா? செரி செரி, பையப் பாத்தாலே தெரியுது. நான் பேரூர் தாண்டி, அகதிக முகாம் இருக்குதில்ல, அங்க. எங்கூட்டுல காரும் இருக்குது, டிரைவரும் இருக்கறான். இருந்தும் பஸ்லதான் போறேன். எங்கூட்டுக்காரி இந்த பஸ்லதான் போவா. வேகாத வெயில்ல, அரிசிப் பையத் தூக்கிட்டு. 'ஏன் பாலா, டிரைவர்கிட்டக் குடுத்துட்டா எறக்கி வெச்சுட்டு வந்துருவானல்ல'ன்னு கேப்பேன். சிரிச்சுக்குவா. கெளம்பிருவா. போன ஆடியில தவறிட்டா. காலைல காப்பி குடிச்சுட்டு இருந்தவ டம்ளரக் கீழ வெச்சா, அவ்வளவுதான்.

ஊட்டுல உக்கார முடியல அம்மிணி. பேசறதுக்கு ஆளில்ல. ரேடியோவப் போட்டா அது பேசுது, நான் பேசுனாக் கேக்க மாட்டேங்குது.

எடுத்துட்டான், எடுத்துட்டான். அப்பாடா.

பாலாமணின்னதும் நம்ம பக்கத்துப் பொம்பளைன்னு நெனச்சிருப்பே. இல்ல. அவ நெசப் பேரு ஃபேலா. போலந்து தேசம், யூதக் குடும்பம். எங்கம்மாளுக்கு ஃபேலா வாயில நொழையல. ஒரு வாரம் மொணகிப் பாத்துட்டு பாலாமணின்னு ஆக்கிட்டாங்க. அவளும் ஏன்னு கேக்காமத் தலையாட்டிட்டா. நான் நாச்சிமுத்து. மில்லுல ஸ்பின்னிங் மாஸ்டரா இருந்து ரிட்டையர் ஆனவன். வெள்ளக்காரன் போன புதுசுல என்ற மொதலாளி என்னைய மான்செஸ்டருக்குப் படிக்க அனுப்புனாரு. நம்ம ஊரத் தென்னாட்டு மான்செஸ்டர்ம்பாங்கல்ல? அவ பொறந்த ஊரையும் போலந்து நாட்டு மான்செஸ்டர்னுதான் சொல்லுவாங்களாம். அங்கயும் மில்லுதான், பொகைக் கொழாய்தான். நாங்க ரெண்டு பேரும் சந்திச்சது அசல் மான்செஸ்டர்ல. எப்படி இருக்குது பாரு! இதச் சொன்னா எல்லாரும் சிரிப்பாங்க. நீ சிரிக்கலியே? செரி.

மழையில பஸ்ஸுக்கு நின்னுட்டு இருந்தோம். அவ மழக்கோட்டுத் தைக்கற கம்பெனியில வேலைக்குப் போய்ட்டு இருந்தா. நான் அந்த ஊருக்குப் போயி யார்கூடவும் வாய் தெறந்து பேசி வாரக்கணக்காச்சு. அவ கிட்ட டைம் கேட்டேன். சொன்னா. அவ்வளவுதான், கொட்டிட்டேன். என்ற ஊரு, என்ற அம்மா, எங்க எரும கன்னு போட்ட கத வரைக்கும். என்ற இங்கிலீசும் அரகொற, அவ இங்கிலீசும் அரகொற. கேட்டுட்டே நின்னா. அவ ஏற வேண்டிய பஸ்ஸு ரெண்டு போயிருச்சு.

அப்பன், ஆத்தா, தங்கச்சி எல்லாரும் சண்டையில போயிட்டாங்கன்னு மட்டும் தெரியும். ஹிட்லர்காரன் யூதங்களப் புடிச்சு அடைச்சு வெச்சுக் கொன்னதெல்லாம் நானும் பேப்பர்ல படிச்சிருக்கேன். ஆனா கையில நம்பர் குத்துவாங்கன்னு சொன்னாங்க, இவ கையில நம்பர் இல்ல. அதனால பெருசா ஒண்ணும் பட்டிருக்க மாட்டான்னு நெனச்சுக்கிட்டேன். கண்ணாலத்துக்கு முன்னால ஒரு நாள், 'உன்கிட்ட ஒண்ணு சொல்லோணும், சண்ட நடந்தப்போ'ன்னு ஆரம்பிச்சா. நான் அவ வாயப் பொத்திட்டேன். 'ஒண்ணும் சொல்ல வேண்டாம். பழசெல்லாம் போச்சு. இனி நீ எங்கூட்டுப் புள்ள'ன்னேன். எத்தன ஆம்பள அப்படிச் சொல்லுவான், நீயே சொல்லு. ஒரு வார்த்த நான் அவளக் கேட்டதில்ல. கடைசி வரைக்கும் கேட்டதில்ல.

இங்க வந்து மில்லு குவார்ட்டர்ஸ்ல குடித்தனம் வெச்சோம். நல்லாத்தான் இருந்தா அம்மிணி. எங்கம்மா மொத மாசம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க. அப்புறம் அவங்களே ஊரெல்லாம் பெருமை பேசுனாங்க. உருளக்கெழங்குத் தோலக்கூட வீச மாட்டா. அதையும் வதக்கித் தொட்டுக்க வெச்சிருவா. 'நம்ம சாதிப் பொண்ணுக கூட இத்தன செட்டா இருக்காது'ம்பாங்க எங்கம்மா. அப்புறம் மில்லுச் சங்கு. ஒரு நாளைக்கு மூணு ஷிப்டுக்கும் ஊதும். பக்கத்துலயே குவார்ட்டர்ஸா, காது கிழியும். சங்கு ஊதுனதும் எந்திரிச்சு நின்னுக்குவா. சோத்துல கை வெச்சிருந்தாலும் செரி, கொழந்தைக்குப் பால் குடுத்துட்டு இருந்தாலும் செரி. நெட்டுக்குத்தலா நிப்பா. சங்கு நின்னதும் உக்காந்துக்குவா. மேனேஜர் ஒரு தடவ பாத்துட்டு, 'மாஸ்டர், உங்க மிஸஸ்க்கு மில்லு மேல எத்தன மரியாத!'ன்னாரு. எனக்கு நெஞ்சு நெறஞ்சு போச்சு.

பொண்ணு பொறந்தப்ப எங்கம்மா பேரு வெக்கலாம்னேன். எதுலயும் புடிவாதம் புடிக்காதவ, கீதான்னுதான் வெக்கோணும்னு நின்னுட்டா. கீதை மேல அத்தன பக்தின்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டேன்.

ஏன் நிறுத்திட்டான்? இங்க ஸ்டாப்பே இல்லியே. ஓ, மாடு.

தொண்ணூறுல சிலோன்ல சண்ட முத்திப் போயி, படகு படகா ராமேஸ்வரத்துல வந்து எறங்குனாங்கல்ல? பேப்பர்ல போட்டா போட்டிருந்தான். முட்டியளவுத் தண்ணியில பொம்பளைக கொழந்தைகளத் தூக்கிட்டு நடந்து வர்ற போட்டா. பாலா அதப் பாத்துட்டே இருந்தா. பேப்பர மடிச்சு வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டா. நம்ம ஊர்ல முகாம் போட்டதும் மொத ஆளாக் கெளம்பிட்டா. அறுவது வயசு தாண்டுனவ! நான் வேண்டாம்னு சொல்லல. தானம் பண்றது நல்லதுதான். ஆனா போனாப் பொழுதோடத்தான் வருவா. அங்க என்ன பண்றேன்னா, 'சும்மா உக்காந்திருக்கேன்'பா. சாயங்காலமா முகாம்ல ஆள எண்ணுவாங்க, வரிசையா நிக்க வெச்சு. அதுக்கு முன்னால மட்டும் கெளம்பிருவா. அது ஏன்னு நான் கேட்டதில்ல.

ஒரு நாள் நல்ல மழை வர்றாப்புல இருந்துச்சு. பஸ்ஸுக்கு நனைவாளேன்னு நானே கார எடுத்துட்டுப் போனேன். முகாம்ல விசாரிச்சா, 'வெள்ளைக்கார அம்மா யோகேஸ்வரி வீட்ட இருக்கிறா'ன்னாங்க. வீடு என்ன வீடு, தகரக் கொட்டாய். யோகேஸ்வரிங்கறது ஒரு மன்னார்ப் பொண்ணு. படகுல வர்றப்ப அவ புள்ள கடல்ல போயிருச்சு. வந்ததுல இருந்து சுவத்தப் பாத்துப் படுத்தவ எந்திரிக்கல, யார்கூடவும் பேசல, வாயில தண்ணி ஊத்துனாத்தான் உண்டுன்னு கெடந்தா. புருசங்காரன் கூலி வேலைக்குப் போயிருவான். பாலா போயி அவ பக்கத்துல உக்காந்துக்குவாளாம். இதெல்லாம் எனக்குப் பின்னாலதான் தெரியும்.

கொட்டாய்க்கு வெளிய நிக்கறேன். உள்ள பாலா குரலு கேக்குது. அவ அத்தன நேரம் பேசி நான் கேட்டதே இல்ல அம்மிணி. அதனால கூப்புடாம நின்னுட்டேன். நம்ம பேச்சுத்தான், எங்கம்மா சொல்லிக் குடுத்த பேச்சு. அந்தப் பேச்சுல அவ வேறெதையோ சொல்லிட்டு இருந்தா.

"என்ற தங்கச்சிக்கு ஒம்பது வயசு. கீட்டா, கீட்டான்னுதான் கூப்புடுவோம். ஊருக்குள்ளயே வேலி போட்டு எங்க எல்லாத்தையும் அடைச்சு வெச்சிருந்தாங்க. பத்து வயசுக்குக் கீழ இருக்கற கொழந்தைகள ஒப்படைக்கோணும்னு உத்தரவு வந்துச்சு. எதுக்குன்னு சொல்லல. எங்களுக்குத் தெரிஞ்சு போச்சு. எங்கம்மா அவளுக்கு என்ற பாவாடைய உடுத்தி உட்டா. பூட்ஸுக்குள்ள துணிய வெச்சு ஒசரமாக்குனா. பீட்ரூட்ட நறுக்கிக் கன்னத்துல தேச்சா, தெம்பா இருக்கறாப்புலத் தெரியோணும்னு. 'கேட்டாப் பதினொண்ணுன்னு சொல்லு சாமி'ன்னு ராவெல்லாம் சொல்லிக் குடுத்தா. வெடிஞ்சதும் வாசல்ல வரிசையா நிக்க வெச்சாங்க. ஒருத்தன் வந்து வயசக் கேட்டான். பதினொண்ணுன்னு செரியாத்தான் சொன்னா. சொல்லிட்டு அம்மாளத் திரும்பிப் பாத்தா. செரியாச் சொன்னனாம்மான்னு."

நான் அப்பவே உள்ள போயிருப்பேன். போகல, தகரத்தோரமே நின்னுட்டேன்.

"அவளத் தூக்கி வண்டியில போட்டாங்க. எங்கம்மாள யாரும் கூப்புடல. அவளுக்கு வேலச் சீட்டு இருந்துச்சு, போகாம இருந்திருக்கலாம். என்ற கையப் புடிச்சு எங்கப்பன் கையில வெச்சா. போயி வண்டியில ஏறிட்டா. ஏறி, அவள மடியில எடுத்து வெச்சுக்கிட்டா. எம் பக்கம் திரும்பவே இல்ல யோகா. திரும்பியிருந்தா நானும் ஏறியிருப்பேன். அது அவளுக்குத் தெரியும்."

அப்பத்தான் இன்னொரு குரலு கேட்டுச்சு. தொண்டை துருப் புடிச்சாப்புல. வாரக்கணக்கா வாயே தெறக்காதவ பேசுனா.

"பிறகு, அம்மா?"

எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல. மழ வேற ஒரு சொட்டு ரெண்டு சொட்டா உழுக ஆரம்பிச்சிருச்சு. இருமிட்டு, தலையக் குனிஞ்சு உள்ள போயி, 'பாலா, நேரமாச்சு, கார் நிக்குது'ன்னேன். அவ என்னையப் பாத்தா. அந்தப் பொண்ணு தலையத் தடவிக் குடுத்துட்டு எந்திரிச்சு வந்துட்டா.

கார்ல வர்றப்ப நான் அவளத் தனியா உடல அம்மிணி. மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு மூச்சு உடாமப் பேசிட்டே வந்தேன். மில்லுல நான் இருந்தப்ப எறக்குன மிஷினு, சம்பந்தி ஊட்டு விசேஷம், மழையில்லாத வருசத்துல எங்கப்பா கெணறு வெட்டுன கத. ஊடு வந்து சேர்ற வரைக்கும் நிறுத்தல. அவ கண்ணாடிய எறக்கி உட்டுட்டு வெளியவே பாத்துட்டு வந்தா. மழத் தண்ணி மேல அடிச்சுது, ஏத்தி உடுன்னு சொன்னாலும் ஏத்தல.

எனக்கு ஆதங்கந்தான். இல்லேன்னு சொல்ல மாட்டேன். நாப்பது வருசம் கூட இருந்தவன் நான். சோறு போட்டவன், நக போட்டவன், ஒரு நாள் கை நீட்டுனதில்ல. எங்கிட்டச் சொல்லாதத யாரோ ஒரு சிலோன்காரிகிட்டச் சொல்றான்னா என்ன அர்த்தம்? கீதாகிட்டக் கூடச் சொன்னதில்லையாம். நீயா இருந்தா உனக்கு எப்படி இருக்கும்? ஆனா அதையும் நான் அவளக் கேக்கல. மனசுக்குள்ளயே வெச்சுக்கிட்டேன். அதுக்கப்புறமும் அவ போயிட்டுத்தான் இருந்தா. யோகேஸ்வரி எந்திரிச்சு உக்காந்துட்டா, தல சீவிக்கறா, டீ போட்டுக் குடுத்தான்னு வந்து சொல்லுவா. அத மட்டுந்தான் சொல்லுவா. ஊட்டுல இருந்த தையல் மிஷினக்கூட அவளுக்குக் குடுத்துட்டா. இப்பப் பாரு, முகாம்ல இருக்கற அத்தன பொம்பளைக்கும் யோகேஸ்வரிதான் ஜாக்கெட்டுத் தைக்கறா.

இது எந்த ஸ்டாப்பு? இன்னும் இருக்குதா. செரி.

காரியமெல்லாம் முடிஞ்சு, பாலாவோட சேலைகள முகாமுக்குக் குடுக்கலாம்னு போனேன். யோகேஸ்வரி ஒரு சேலைய மூஞ்சில வெச்சுட்டு அழுதா. அப்புறம், 'ஐயா, அம்மா சொன்ன மிச்சத்தைக் கேக்கப் போறீங்களா?'ன்னா. 'நீங்க அண்டைக்கு வந்து கூட்டிக்கொண்டு போனாப் பிறகும் வந்து வந்து சொன்னவா'ன்னா. நான் வேற எதையோ பேசிப் பாத்தேன். அந்தப் பொண்ணு உடல. தையல் மிஷின நிறுத்திட்டு எதுர வந்து உக்காந்துட்டா.

அப்பன் அந்த வருசக் குளுருலயே போயிட்டாராம், பசியில. தனக்கு வந்த ரொட்டிய இவளுக்கு வெச்சுட்டு, தின்னுட்டேன் தின்னுட்டேன்னு சொல்லியே போயிட்டாராம். உருளக்கெழங்குத் தோலுதான் அங்க விருந்தாம். ரெண்டு வருசங் கழிச்சு மிச்சம் இருந்தவங்களையும் ரயில்ல அடைச்சு, ஆள எரிக்கற எடத்துக்குக் கொண்டு போயிருக்காங்க. அங்க கை காட்டிப் பிரிச்சப்ப இவ வேலை செய்யற பக்கம் வந்துட்டா. அப்புறம் மலைக்கு நடுவுல ஒரு நூல் மில்லு. நூல் மில்லு அம்மிணி. நம்ம மில்லாட்டவே. அதுல அடிமையாப் போட்டு வேல வாங்குனாங்களாம். சங்கு ஊதுனா எந்திரிச்சு வரிசையில நிக்கோணும். நிக்காதவள…

…கண்டக்டர் டிக்கெட்டு எல்லாத்துக்கும் குடுத்துட்டானா? நான் வாங்கிட்டேன். இதா இருக்குது.

ஒரு நாள் வெடியால சங்கு ஊதலியாம். வெளிய வந்து பாத்தாக் காவக்காரன் ஒருத்தனும் இல்ல. சண்ட முடிஞ்சுது. பொண்ணுகெல்லாம் கட்டிப் புடிச்சு அழுதிருக்குதுக. இவ நடந்தே கெளம்பிட்டா. நடந்தும், கூட்ஸ் வண்டியில தொத்தியும் சொந்த ஊட்டுக்குப் போயிக் கதவத் தட்டுனா. தெறந்தது வேற பொம்பள. பழைய பக்கத்தூட்டுக்காரி. உள்ள இருந்து சூப்பு வாசம் வருதாம், இவங்கம்மா பாத்தரந்தான் அடுப்புல. அந்தப் பொம்பள கேட்டாளாம், 'நீ இன்னும் உசுரோடயா இருக்கறே?'ன்னு. ஒரு வாய்த் தண்ணி கேக்காமத் திரும்பிட்டா.

அனாதக் கொழந்தைகள இங்கிலாந்துக்குக் கூட்டிட்டுப் போறாங்கன்னு கேள்விப்பட்டு, வயசக் கொறச்சுச் சொல்லி அதுல சேந்திருக்கா. அங்க எல்லாரும் நல்லவங்கதானாம். சோறு போட்டாங்க, துணி குடுத்தாங்க. ஆனா எல்லாரும் கேட்டுட்டே இருந்தாங்களாம். டாக்டரு கேக்கறாரு, கமிட்டிக்காரங்க கேக்கறாங்க, பேப்பர்க்காரன் கேக்கறான். என்ன நடந்துச்சு, எப்படி நடந்துச்சு, சொல்லு, சொல்லு. சொன்னா மூஞ்சியத் திருப்பிக்குவாங்க. சொல்லாட்டியும் உட மாட்டாங்க. ராத்திரி தூக்கமில்ல, எங்கயும் உக்கார முடியாம நடந்துட்டே இருப்பாளாம்.

இப்பத்தான் அம்மிணி முக்கியமானது வருது. யோகேஸ்வரி சொன்னத அப்படியே சொல்றேன் கேளு. "ஐயா, அம்மா சொன்னவா, 'மழைக்குள்ள ஒருத்தர் வந்து எருமை கன்று போட்ட கதை சொன்னார். என்னட்ட ஒண்டும் கேக்கேல்ல. எனக்கு அண்டைக்குத்தான் காலில பாரம் இறங்கின மாதிரி இருந்தது. இவர் பக்கத்தில இருந்தா நான் இருக்கலாம், எழும்பி ஓடத் தேவையில்லை எண்டு நினைச்சன். அவர் கதைச்சுக்கொண்டே இருந்தார், நான் நித்திரை கொண்டன்' எண்டு."

கேட்டியா! என்ற பேச்சுலதான் அவ தூங்குனா. என்னைய எல்லாரும் வாயாடிம்பாங்க. கீதாகூட, 'அப்பா, சித்தே அடுத்தவங்களையும் பேச உடுங்க'ம்பா. அவளுக்கு போன் பண்ணி மொதல்ல இதத்தான் சொன்னேன். எனக்கு அன்னைக்கு எத்தன நிம்மதி தெரியுமா.

அப்புறம் அந்தப் பொண்ணு 'ஆனா ஐயா'ன்னு இழுத்தா. நான், பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு எந்திரிச்சேன். அவ வாசல் வரைக்கும் வந்து சொன்னா. "பிறகு அம்மா சொன்னவா, 'நித்திரை கொண்டு எழும்பினாப் பிறகு எனக்கும் சொல்ல ஆசை வந்தது. மகள் பிறந்தாப் பிறகு வந்தது. ஒரு நாளைக்குக் கதையை நிப்பாட்டிப்போட்டு என்ர பக்கம் திரும்பி, பிறகு என்ன நடந்தது எண்டு கேப்பார் எண்டு பாத்துக்கொண்டே இருந்தன்' எண்டு."

இது அவளாச் சேத்துச் சொன்னதாத்தான் இருக்கும். நான் அவ பக்கம் திரும்பாம வேற யார் பக்கம் திரும்புனேன்? நாப்பது வருசம் அவகூடத்தானே பேசிட்டு இருந்தேன்? நீயே சொல்லு. ஆனா ராத்திரி படுத்தா அது வந்து நிக்குது அம்மிணி. உக்காந்தா நிக்குது. அதனாலதான் வாராவாரம் போறேன். போயி, அம்மா வேற என்ன சொன்னான்னு கேக்கோணும்னுதான் போறேன். போனா வேற பேச்சு வந்துருது. ரேஷன் அரிசி செரியில்ல, தகரம் ஒழுகுது, அதுக்கு யாரப் பாக்கோணும், அப்படி இப்படின்னு நேரம் போயிருது. யோகேஸ்வரி நல்ல பொண்ணு. கேட்டுட்டே தைப்பா.

மணியடிச்சுட்டான், அடுத்தது நம்ம ஸ்டாப்புத்தான். என்ன அம்மிணி? என்னமோ கேக்க வந்தே. கேளு, கேளு.

கொழந்த பேரா? சொன்னனே, கீட்டா. பாலாவோட தங்கச்சி.

ஓ. யோகேஸ்வரியோட கொழந்தையா. கடல்ல போன புள்ளையா.

அது…

பையனா பொண்ணான்னு கூட… இரு, இரு. வாராவாரம் போறேன். அவ கையால டீ வாங்கிக் குடிச்சிருக்கேன். பாலாவுக்குத் தெரிஞ்சிருக்கும்.

ஹோல்டான்! ஏப்பா கண்டக்டரே, முகாமு ஸ்டாப்பு, முகாமு ஸ்டாப்பு! சித்தே வழி உடுங்க சாமி. நான் எறங்கோணும். ஒண்ணு கேக்கோணும்.